மேசை மேல் ஏழு சென்ட்: குட்டி டிராக்டர் வயல் செய்முறை

பொம்மை டிராக்டரை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தினால் அது பொம்மையாகவே நிற்கும். அதன் பின்னால் கொஞ்சம் கிளறிய மண்ணும், அந்த மண்ணில் புழு பொறுக்கும் நாலு கொக்கும் வந்துவிட்டால் கதையே வேறு. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகும் சாலையில், ஆவணி மாதத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற காட்சி மேசைக்கு வந்துவிடும். முதல்முறையாகச் செய்து பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு வார மாலைப்பொழுது போதும். டிராக்டர் நீங்கலாக எனக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் டிராக்டரில் இருந்து தொடங்குவார்கள். நான் மாதத்தில் இருந்து தொடங்கச் சொல்வேன். ஒரே பலகையில் ஒரு பக்கம் உழவு, நடுவில் பச்சை நெல், ஓரத்தில் வைக்கோல் போர் என்று வைத்தால் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துச் செய்தது என்று உடனே தெரிந்துவிடும். எந்த வயலிலும் ஒரே நாளில் இவை மூன்றும் நடக்காது.

எங்கள் ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. ஆடி, ஆவணியில் புழுதி உழவு. புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தையில் அறுப்பு மெஷின் வரும். மாசி தொடங்கி மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடுவார்கள். மண்ணின் நிறம், என்ன மெஷின், மரத்தில் எவ்வளவு தூசி, கண்மாயில் தண்ணீரா வெடிப்பா என்று எல்லாவற்றையும் மாதமே தீர்மானித்துவிடும். ஆவணிப் புழுதியில் நிற்கும் டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டாதீர்கள். அது தண்ணீர் கட்டிய சேற்று வயலுக்கு உரியது. ஊர்க்காரர் பார்த்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.

முதல் முயற்சிக்கு ஆவணி உழவையே எடுங்கள். பயிரே வேண்டாம், மண் மட்டும் சரியாக வந்தால் போதும்.

அளவு

இப்போது டிராக்டர். கடையில் கிடைக்கும் பொம்மைகள் பலவற்றில் அளவு எழுதியிருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. நம் ஊரில் ஓடும் நடுத்தர டிராக்டரின் பின்சக்கரம் ஏறக்குறைய 130 செ.மீ. உயரம். பொம்மையின் பின்சக்கரத்தை ஸ்கேலால் அளந்து 130-ஐ அதனால் வகுங்கள். 4 செ.மீ. இருந்தால் 1:32 என்று வரும், அதாவது நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு. 2 செ.மீ. என்றால் 1:64. விளையாட்டுப் பொம்மைகளில் சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள் என்பதால் டிரைவர் சீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன், ஜெர்மனிப் பண்ணை மாடல்களில் 1:32 அதிகம். அமெரிக்காவில் 1:16-ம் 1:64-ம் பழக்கம். அங்கே 1945-ல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய எர்ட்டில் நிறுவனம் நிஜ டிராக்டர்களின் குட்டி வார்ப்புகளைச் செய்து பேர் வாங்கியது. அதே மாநிலத்தின் டயர்ஸ்வில் ஊரில் பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. கைக்கு அடக்கமாகவும் விவரம் தெரியும்படியும் இருப்பதால் நான் 1:32-ஐயே பிடித்துக்கொண்டேன்.

1:32-ல் ஒரு ஏக்கர் செய்ய வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பலகை வேண்டும். கட்டில் போடுகிற இடமே போய்விடும். 60-க்கு 45 செ.மீ. பலகையில் வருவது கிட்டத்தட்ட ஏழு சென்ட். அதனால் முழு வயலைக் காட்ட நினைக்காதீர்கள். வயலின் ஒரு மூலை, ஒரு வரப்பு, ஒரு டிராக்டர். ஆள் உயரம் 5 செ.மீ., வரப்பு 1 செ.மீ. இந்த இரண்டையும் பலகையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

பலகை

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை வேண்டாம். கடற்கரை ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரைன் பிளைவுட் துண்டைக் கேளுங்கள், ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். அதன்மேல் 2 செ.மீ. தெர்மாக்கோல் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டுமே. ரப்பர் பசை, ஃபெவிகுவிக், ஸ்பிரே பெயிண்ட் மூன்றும் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். பசை காய்ந்ததும் கத்தியால் கண்மாய்ப் பக்கத்தைக் கொஞ்சம் பள்ளமாக்கி, வரப்பு வரும் இடத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாக ஒட்டிவிடுங்கள்.

மண்

எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது மண்தான்.

முதல் தடவை சோம்பேறித்தனமாகக் கடற்கரை மணலை அப்படியே அள்ளி வந்து கொட்டினேன். கார்த்திகை ஈரத்தில் மண் கசிந்தது, வெயில் வந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது, டிராக்டரின் அச்சு துருப்பிடித்தது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "உவர் நிலம் அச்சு அசலா இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கடல் மணல்தான் வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துச் சிப்பித் துண்டுகளை நீக்கிவிடுங்கள். வயலுக்கு அதைவிடப் பொருத்தம் கண்மாய்க் கரிசல். ஆனால் கரிசலைக் குழைத்துப் பூசினால் காயும்போது சுருங்கிப் பிளக்கும். அதனால் காய்ந்த கட்டியை இடித்துச் சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மரத்தூள், ஒரு பங்கு ஃபெவிகால் சேர்த்து, இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை செ.மீ. கனத்துக்கு மேல் பூச வேண்டாம். நிழலில் காயட்டும்.

கண்மாய் மூலைக்கு மட்டும் மரத்தூளோ பசையோ சேர்க்காமல் வெறும் கரிசல் குழம்பு. அது தானாகவே வெடிக்கும், வெடிக்கத்தான் வேண்டும். பூச்சு எவ்வளவு கனமோ வெடிப்புக்கட்டி அவ்வளவு பெரிது. நான் முதலில் 1 செ.மீ. கனத்தில் ஊற்றியதில் ஒவ்வொரு கட்டியும் 4 செ.மீ. அகலத்துக்கு வந்தது. நிஜ அளவில் அது ஒன்றேகால் மீட்டர், ஆட்டுக்குட்டி உள்ளே விழுந்துவிடும். 2 மி.மீ. கனத்தில் ஊற்றினால் கோடைக் கண்மாய் போலவே பொடிப்பொடியாக வெடிக்கிறது. காய்ந்த பிறகு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மருந்து ஃபில்லரால் வெடிப்புக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்துமுத்தாக மேலேயே நிற்கும்.

உழவு சால்

பழைய சீப்பு ஒன்று எடுங்கள். ஒன்பது கொத்துக் கலப்பையில் கொத்துக்குக் கொத்து ஏறக்குறைய 22 செ.மீ. இடைவெளி. நம் அளவில் அது 7 மி.மீ. அதற்கேற்ப 7 மி.மீ.-க்கு ஒரு பல் என ஒன்பது பல்லை விட்டு மற்றதை ஒடித்துவிட்டால் அதுதான் உங்கள் கலப்பை. மண் பாதி காய்ந்து, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இழுங்கள். ஈரமாக இருந்தால் சால் மூடிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் பெயர்ந்து வரும். இழுத்த சாலின் மேல் அதே மண்ணின் பொடியையும் சிறு கட்டிகளையும் தூவுங்கள். அது இல்லாவிட்டால் சீப்பு இழுத்தது சீப்பு இழுத்ததாகவே தெரியும்.

முதல் பலகையில் சாலை வரப்பு வரைக்கும் நேராக இழுத்துவிட்டு, டிராக்டரை வரப்பை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தேன். பல வருடம் வாடகை டிராக்டர் ஓட்டிய பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இவன் வண்டிய எங்கிட்டுத் திருப்புவான்?" என்றார். நியாயம்தான். வயலின் இரண்டு கடைசியிலும் திருப்ப இடம் விட்டுத்தான் உழுவார்கள், அந்தப் பட்டையைக் கடைசியில் குறுக்கே உழுது முடிப்பார்கள். அதனால் வரப்பு ஓரத்தில் 12 செ.மீ. உழாத மண்ணாக விடுங்கள். அங்கே டயர் தடம் மட்டும் வளைந்து வளைந்து இருக்கட்டும். தடத்துக்கு டிராக்டரின் சக்கரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, மண் பதமாக இருக்கும்போதே உருட்டினால் போதும்.

டிராக்டர் நிற்க வேண்டிய இடம் உழுததும் உழாததும் சந்திக்கும் கோடு. உழாத மண் வெளிறி, புதிதாகப் புரண்ட மண் கருத்து இருக்க வேண்டும். கறுப்பு போஸ்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து உழுத பக்கம் ஒரு கை பூசுங்கள். வண்டி ஓடுகிறது என்று கண்ணை நம்பவைப்பது இந்த நிற வித்தியாசம்தான்.

மரங்கள்

பனை இல்லாமல் எங்கள் ஊர் வயல் இல்லை. ஆனால் 15 மீட்டர்ப் பனை 1:32-ல் 47 செ.மீ. உயரம் வரும், பலகையையே விழுங்கிவிடும். நான் வடலி, அதாவது இளம் பனை வைக்கிறேன். 7 செ.மீ. உயரத்தில் வரப்பில் இரண்டு வடலி போதும், பனங்காடு பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். ஓலைக்குக் காகிதத்தை விசிறியாக மடித்து நுனியைக் கீறிவிடுங்கள். சீமைக்கருவேலத்துக்குக் காய்ந்த துளசிக் கொம்பு. அதில் பசை தடவிப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவிவிட்டு, மேலே கொஞ்சம் பவுடர் ஊதினால் ஆவணித் தூசி.

டிராக்டரை அழுக்காக்குங்கள்

பலருக்கு மனசு வராது. விலை கொடுத்து வாங்கிய மாடலாக இருந்தால் விட்டுவிடுங்கள், சாதாரணப் பொம்மையில் தயங்காதீர்கள். பளபளப்பு போவதற்கு மேட் வார்னிஷ் ஒரு கை. காய்ந்ததும் நீங்கள் சலித்து வைத்த அதே மண்பொடியைத் தண்ணீரில் கரைத்து டயர், மட்கார்டின் அடிப்பக்கம், கலப்பை மூன்றிலும் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள், இடுக்கில் தங்குவது தங்கட்டும். கொத்து நுனியை மட்டும் வெள்ளி நிறத்தில் விடுங்கள், மண்ணில் தேய்ந்து தேய்ந்து அது பளபளவென்றுதான் இருக்கும். அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இது அழகுக்கு இல்லை, உப்புக் காற்றுக்கு.

கொக்கு

உண்ணிக்கொக்கு நம் அளவில் ஒன்றரை செ.மீ. உயரம். குழாய் ஒழுக்கை அடைக்கிற எம்-சீல் பசையை அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, ஒரு முனையை இழுத்துக் கழுத்தாக்கி, கரண்ட் வயரின் ஒற்றைச் செம்புக் கம்பியைக் காலாகக் குத்துங்கள். வெள்ளை பெயிண்ட், மஞ்சள் அலகு, முடிந்தது. டிராக்டருக்கு முன்னால் வைக்காதீர்கள். புதிதாகப் புரண்ட மண்ணில், கலப்பைக்குப் பின்னால் நெருக்கமாகவும் தள்ளத் தள்ளக் கலைந்தும் நிற்கட்டும். ஒன்று மட்டும் வரப்பில் தனியாக.

உழவு வேண்டாம், மாசி வேண்டும் என்பவர்களுக்கு

மிளகாய்க் களம் செய்யலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் உருண்டையாக இருப்பது மாடல் செய்கிறவர்களுக்குப் பெரிய உபகாரம். நீள மிளகாயை இந்த அளவில் செய்யவே முடியாது. கசகசாவைச் சிவப்பு மையில் புரட்டிக் காயவைத்துப் பரப்பினால் முண்டு வத்தல் தயார். பக்கத்தில் டிரைலர் மாட்டிய டிராக்டர், கோணித் துணியில் தைத்த நாலு குட்டி மூட்டை. பரப்பிய பிறகு ஃபெவிகால் தண்ணீரைத் தாராளமாக விட்டு மூடிவிடுங்கள். என் முதல் களத்தை ஒரே ராத்திரியில் எறும்பு அள்ளிக்கொண்டு போனது. தை அறுப்புக்கு ஒரு குறிப்பு மட்டும்: பழைய தேங்காய்நார்க் கால்மிதியை வெட்டி, நாரை மேலாக வைத்து ஒட்டினால் விளைந்த நெல். அதையே ஒட்டக் கத்தரித்தால் அறுத்த தாள்.

வைக்கும் இடம்

பலகை முழுக்க ஒரு வாரம் காய்ந்த பிறகே கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கருவேலப் புதருக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட வேண்டாம், தெர்மாக்கோலில் குழி விழும். கரையான் இருக்கும் வீடு என்றால் சுவரை ஒட்டாமல் இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள்.

உயரம் முக்கியம். டீப்பாயில் வைத்தால் ஹெலிகாப்டரில் இருந்து பார்ப்பதுபோல் இருக்கும். பலகை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தால் வரப்பில் நின்று பார்க்கிற பார்வை கிடைக்கும். விளக்கு ஒரே பக்கத்தில் இருந்து, கொஞ்சம் தாழ்வாக, மஞ்சள் ஒளியில் வரட்டும். சாலின் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். மேலே இருந்து வெள்ளை விளக்குப் போட்டால் அவ்வளவு சீப்பு வேலையும் தெரியாமலே போய்விடும்.

பெரியப்பா போன வாரம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை திருப்புகிற இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீசல் கேன் எங்கே என்று கேட்டார். பழைய மருந்து பாட்டில் மூடியை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.