மண் புற்று இல்லாமலும் கரையான் வரும்

கரையான் என்றால் சுவரில் ஏறும் மண் தடத்தைத்தான் தேடுவோம். உலர் மரக் கரையான் அப்படியில்லை. அதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும்.

கண்டுபிடிக்க அதன் எச்சத்தைப் பாருங்கள். கதவு நிலை, அலமாரி, கட்டில் அடியில் ரவை மாதிரிக் கடினமான மணிகள் சின்னக் குவியலாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ நீளம், லென்ஸில் பார்த்தால் 6 பக்கம் தெரியும். மாவுபோல நைஸான தூள் என்றால் அது பெரும்பாலும் வண்டு வேலை. பெருக்கிவிட்டுக் கவனியுங்கள், அதே இடத்தில் மறுபடி சேர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மரத்தைத் தட்டினால் உள்ளே காலியானது போலச் சத்தம், ஜன்னலோரம் உதிர்ந்த சிறகுகள், இவையும் அடையாளம்.

தடுக்க, விரிசல்களைப் பட்டி வைத்து அடைத்து, மரத்தின் எல்லாப் பக்கமும் பெயின்ட் அல்லது வார்னிஷ் அடியுங்கள். பின்பக்கத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள்! பூசாத மரத்துக்கு முதலில் போரேட் கரைசல் (போரான் உப்பு கலந்த கரையான் மருந்து). பழைய மரச்சாமான் வாங்கினால் கவிழ்த்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள்.

அப்புறம், தரையில் மருந்து இறைப்பது இதற்குப் பலிக்காது. மருந்தோ வெப்பமோ மரத்துக்குள் போக வேண்டும். பரவிவிட்டால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள்.