வீட்டுக்குள் செடிக்கு எல்.இ.டி. விளக்கு: முதலில் கணக்கு, அப்புறம் கடை

என் முதல் க்ரோ லைட்டின் (செடி வளர்க்கும் விளக்கு) பெட்டியில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாட் மீட்டரில் செருகிப் பார்த்தால் 92. போதாக்குறைக்கு ஊதா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தான் தெரியும். புதினாவில் சிலந்திப்பேன் ஏறி இலையெல்லாம் வெளிறிக் கிடந்ததை, விளக்கு அணைந்திருந்த ஒரு காலையில்தான் பார்த்தேன். அதற்குள் பாதிச் செடி போய்விட்டது.

விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றே தெரியாமல் விளக்கைத் தேடிப் போனது நான்தான். அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போகலாம்: முதலில் செடி, பிறகு அதை வைக்கும் தட்டு, கடைசியில் விளக்கு. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: எதில் அளப்பது?

லூமன், லக்ஸ் இரண்டும் மனிதக் கண்ணுக்காக வந்த அளவுகள். நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் தூக்கலாகத் தெரியும், அதனால் லூமன் கணக்கில் அந்த நிறங்களுக்கு மதிப்பு அதிகம். செடியின் கணக்கு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் எத்தனை ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) இலையில் விழுந்தன என்பதுதான் ஒளிச்சேர்க்கைக்கு முக்கியம். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது என்பதால் மைக்ரோமோல் என்று மொத்தமாக எண்ணுகிறார்கள்.

மூன்று சுருக்கப் பெயர்கள் அடிக்கடி வரும். விளக்கை மேகமாகவும் ஃபோட்டான்களை மழையாகவும் வைத்து யோசித்தால் குழப்பம் இல்லை. மேகம் ஒரு நொடிக்கு மொத்தமாகக் கொட்டுவது பி.பி.எஃப். உங்கள் தரையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழுவது பி.பி.எஃப்.டி. நாள் முடிவில் மழைமானியில் சேர்ந்திருப்பது டி.எல்.ஐ., இதை மோல் கணக்கில் சொல்வார்கள். செடி கடைசியில் பார்ப்பது மழைமானியைத்தான்.

உச்சி வெயிலில் பி.பி.எஃப்.டி. 2000 வரை போகும். ஜன்னலில் இருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்தால் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. கண் இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அறை நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. இந்த விஷயத்தில் கண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

படி 2: உங்கள் செடிக்கு எத்தனை மோல்?

மணி பிளான்ட் போன்ற நிழல் செடிகள் நாளுக்கு 2 முதல் 4 மோலில் பிழைத்துக்கொள்ளும். நாற்றுக்கு 10-ஐ ஒட்டி வேண்டும். லெட்டூஸ், புதினா போன்ற இலைச் செடிகளுக்கு 12 முதல் 15. தக்காளி, மிளகாய் காய்க்க வேண்டுமானால் 20 முதல் 30. என்னைக் கேட்டால் முதல் முயற்சியில் தக்காளி பக்கம் போக வேண்டாம். இலைச் செடியில் கை பழகட்டும்.

மோலை பி.பி.எஃப்.டி. ஆக்க ஒரே ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 0.0036. ஒரு மணி நேரத்தில் 3600 நொடி, ஒரு மோலில் பத்து லட்சம் மைக்ரோமோல், அதிலிருந்து வருவதுதான் இது. இலைச் செடிக்கு 12 மோல், விளக்கு எரிவது 14 மணி நேரம் என்று வைப்போம். 14 × 0.0036 = 0.0504. 12-ஐ அதனால் வகுத்தால் 238. நம் இலக்கு 240.

மணி நேரத்தைக் கூட்டினால் குறைந்த விளக்கே போதுமே என்று தோன்றும். 16 மணி வரை தாராளமாகக் கூட்டலாம். இருபத்து நான்கு மணி நேரமும் எரிய விடாதீர்கள். தக்காளிக்கு இடைவிடாத வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிச் சேதமாகும். சாமந்தி போன்ற சில செடிகள் நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கவே செய்யும்.

படி 3: தட்டை அளந்து வாட்டுக்கு வருவது

என் தட்டு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். அதாவது 0.24 சதுர மீட்டர். 240-ஐ 0.24-ஆல் பெருக்கினால் 57.6. இவ்வளவு மைக்ரோமோல் ஒவ்வொரு நொடியும் இலை மேல் விழ வேண்டும். விளக்கில் இருந்து வருவதெல்லாம் இலைக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் பக்கவாட்டில் சிதறும். கால் பங்கு வீண் என்று எடுத்துக்கொண்டால் 57.6 ÷ 0.75 = 76.8. சரி, 77 என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டிய பி.பி.எஃப். இதுதான்.

ஒரு வாட் மின்சாரத்துக்கு விளக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்பது அதன் திறன். நல்ல பலகை விளக்குகள் 2-க்கு மேல் தரும், உயர்தரமானவை 2.5-ஐயும் தாண்டும். மலிவான பல்புகளில் 1.2 என்றெல்லாம் இருக்கும். திறன் 2 என்றால் 77 ÷ 2, அதாவது 40 வாட் விளக்கு போதும். 1.2 என்றால் 64 வாட் வேண்டும். நாளுக்கு 14 மணி நேரம் எரியும் பொருள் இது. 40 வாட்டுக்கு மாதம் 17 யூனிட் ஆகும், 64 வாட்டுக்கு 27. விளக்கின் விலையை ஒரு தரம் கொடுப்போம், இந்த வித்தியாசத்தை மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்போம்.

‘1000 வாட்டுக்குச் சமம்’ என்பது போன்ற வாசகங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. உண்மையில் இழுக்கும் வாட்டும் பி.பி.எஃப்.-உம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத விளக்கை நான் இப்போதெல்லாம் தொடுவதில்லை.

படி 4: என்ன நிறம்?

பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்று பாடத்தில் படித்திருப்போம். ஊதா விளக்குகள் பிறந்தது அதனால்தான். அதோடு, ஆழ்சிவப்பு எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நிறைய ஃபோட்டான் தரும் என்பதும் உண்மை. ஆனால் பச்சை வெளிச்சம் வீண் என்பது உண்மை இல்லை. கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட முடிவிலேயே, பச்சையும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாக உதவுவது தெரிந்துவிட்டது. சிவப்பும் நீலமும் இலையின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், பச்சை இன்னும் ஆழமாக இறங்கும்.

வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் பாஸ்பர் பூசியது; நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றுவது இந்தப் பூச்சுதான். அதில் நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே இருக்கின்றன. வெள்ளையின் சாயலைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். 3500 அல்லது 4000 கெல்வின் வெள்ளை எல்லாச் செடிக்கும் ஒத்துவரும். 6500 கெல்வினில் நீலம் தூக்கல், செடி குட்டையாகக் கச்சிதமாக வளரும். 660 நானோமீட்டர் சிவப்புச் சில்லுகள் சில கலந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இலை இலையாக இயல்பான நிறத்தில் தெரிவதே எனக்குப் பெரிய லாபம். பூச்சி வந்தால் அன்றே தெரிந்துவிடும்.

படி 5: வாங்குவதா, கட்டுவதா?

அலைச்சல் இல்லாத வழி சாதாரண டியூப் லைட். வெள்ளை எல்.இ.டி. என்றால் லூமனை 70-ஆல் வகுத்தால் தோராயமான பி.பி.எஃப். கிடைக்கும். இரண்டடி நீளம், 10 வாட், 1000 லூமன் டியூப் ஒன்று ஏறத்தாழ 14 தரும். நமக்கு வேண்டியது 77. ஆறு டியூப்களை ஆறேழு செ.மீ. இடைவெளியில் அடுக்கினால் வேலை முடிந்தது. 60 வாட் இழுக்கும், ஆனால் தட்டு முழுக்க வெளிச்சம் ஒரே சீராக விழும். ஒற்றை பல்பில் நடுவில் வெள்ளமாகவும் ஓரத்தில் வறட்சியாகவும் இருக்கும்.

ஆயத்தப் பலகை விளக்கு வாங்கினால் படி 3-இல் சொன்ன வாட், பி.பி.எஃப். இரண்டு எண்களையும் பார்த்து வாங்குங்கள்.

நீங்களே கட்டுவதானால், அலுமினியப் பட்டையில் ஏற்கெனவே பொருத்திய எல்.இ.டி. துண்டுகளில் தொடங்குங்கள். உதாரணமாக ஒரு துண்டுக்கு 19 வோல்ட், 0.7 ஆம்பியர் என்றால் அது 13 வாட் சொச்சம். மூன்று துண்டு சேர்ந்தால் 40 வாட். மூன்றையும் தொடராக இணைத்தால் வோல்ட் மட்டும் கூடி 57 ஆகும், ஆம்பியர் 0.7-ஆகவே இருக்கும். இதற்கு வேண்டியது, வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றி 0.7 ஆம்பியர் மாறாமல் தரும் டிரைவர் என்ற கருவி. அதன் வெளியீட்டு வோல்ட் வரம்புக்குள் 57 வர வேண்டும். பக்க இணைப்பிலும் செய்யலாம். ஆனால் ஒரு துண்டின் ஒயர் கழன்றால் அதன் பங்கு மின்னோட்டமும் மற்ற இரண்டின் தலையில் விழும். தொடர் இணைப்பில் மொத்தமும் அணையும், அவ்வளவுதான். புதியவர்களுக்குத் தொடர்தான் பாதுகாப்பு.

ஒயர் எல்லாவற்றையும் இணைத்து முடித்த பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும். மின்சாரம் வந்துகொண்டிருக்கும் டிரைவரில் துண்டை இணைத்தால் அந்த நொடியிலேயே எல்.இ.டி. கருகலாம். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் விளையாட்டு வேண்டாம். அரை மணி நேரம் எரிந்தபின் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். நாலு நொடி விரல் வைக்க முடியவில்லை என்றால் இன்னும் பெரிய அலுமினியம் தேவை. சூடு கூடக் கூட வெளிச்சமும் குறையும், ஆயுளும் குறையும்.

படி 6: தொங்கவிட்டு அளப்பது

டியூப், துண்டு என்றால் இலைக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. வலுவான பலகை என்றால் 45-இல் தொடங்கி மெல்ல இறக்கலாம். போனில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டு, போனை இலை உயரத்தில் படுக்க வைத்து ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அதை 70-ஆல் வகுத்தால் பி.பி.எஃப்.டி. நமக்கு 16,800 லக்ஸ் வேண்டும். போன் துல்லியமான கருவி இல்லை, ஆனாலும் எந்த மூலை இருட்டு என்பதைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். ஊதா விளக்குக்கு இந்த 70 பொருந்தாது.

சுற்றி மூன்று பக்கமும் வெள்ளை அட்டை நிறுத்துங்கள். சிதறிப் போகும் வெளிச்சத்தில் கணிசமானது திரும்பி வரும். அப்புறம் ஒரு டைமர். கையால் போட்டு அணைக்கும் ஒழுங்கு முதல் வாரத்தோடு சரி, எனக்கு அதுவும் இல்லை.

படி 7: இரண்டு வாரம் கழித்து

தண்டு நெடுநெடுவென்று நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை சிறுத்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கை ஐந்து செ.மீ. இறக்குங்கள். உச்சி இலைகள் மட்டும் வெளுத்து, ஓரம் மேல்நோக்கி மடிந்தால் அதிகம், ஏற்றுங்கள். அடி இலைகள் மட்டும் மஞ்சளானால் விளக்கைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர் அல்லது உரத்தின் கோளாறு. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாமல் போகும்.