துப்பாக்கி என்றதும் நாம் நம்பிவிடும் பொய்கள்: சிங்கப்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வளர்ந்த பையன் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப் பயிற்சிக்குப் போகும்வரை துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டான். பெண்கள் பலர் கடைசிவரை பார்ப்பதே இல்லை. போலீஸ்காரர் இடுப்பில் இருப்பதையும், சாங்கி விமான நிலையத்தில் ரோந்து போகிறவர்கள் கையில் இருப்பதையும் தூரத்தில் பார்த்திருப்போம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சினிமாவும் வீடியோ கேமும் வாட்ஸ்அப்பும் சொல்லிக்கொடுத்த பாடம். இப்படி ஒரு ஊரில் வாழ்வது பெரிய கொடுப்பினை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அனுபவம் இல்லாததால் தப்பான எண்ணங்களைத் திருத்தவும் ஆளில்லை. சாதாரண நாளில் அவற்றால் ஒன்றும் ஆகாது. பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதும், பிள்ளைக்கு ஆன்லைனில் பொம்மை வாங்கும்போதும், ஆபத்து நேரத்திலும்தான் அவை வினையாக முடியும்.

"பொம்மைதானே, என்ன ஆகப்போகிறது?"

நம் குடும்பங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பதால் முதலில் சொல்கிறேன். தண்ணீரில் ஊறிய சின்ன ஜெல் உருண்டைகளைச் சுடும் 'ஜெல் பிளாஸ்டர்', பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் 'ஏர்சாஃப்ட்' ஆகியவை வெளிநாட்டு இணையக் கடைகளில் விளையாட்டுச் சாமான் பிரிவிலேயே கிடைக்கின்றன. விலையும் மலிவு. கார்ட்டில் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் இவற்றை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். போலீஸ் இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கடைக்காரர் அதற்கு என்ன பெயர் வைத்து விற்றார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஒரு குழாய் வழியாக எதையாவது வேகமாக வெளியே தள்ளுகிறதா என்றுதான் பார்க்கிறது. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் காற்றழுத்தத் துப்பாக்கியும் அடங்கும், துப்பாக்கியின் தனி உதிரிப் பாகமும் அடங்கும். 2021-இல் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்வதற்கான வரைபடக் கோப்பை அனுமதியின்றி வைத்திருப்பதே அதன்படி தவறு. சும்மா ஆர்வத்தில் பதிவிறக்கிப் பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் ஊர்ப் பயணம். தீபாவளிக்கு முன் சென்னையிலோ திருச்சியிலோ கடைவீதியில் நடந்தால் பொட்டு வெடித் துப்பாக்கி கண்ணில் படாமல் இருக்காது. சிவப்பு ரோல் கேப் சுருளைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். நாம் சின்ன வயதில் வெடித்ததைப் பிள்ளைக்கும் காட்ட வேண்டும் என்று பெட்டியில் எடுத்து வைக்கத் தோன்றும். அந்தப் பொட்டில் இருப்பதும் வெடிமருந்துதான். அதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரில் 1972 முதலே பட்டாசுக்குத் தடை இருக்கிறது. கைத்துப்பாக்கி வடிவத்தில் வரும் சிகரெட் லைட்டரும் இங்கே கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. இது தெரியாமல் நண்பருக்குப் பரிசாக வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வியட்நாம் போகிறவர்கள் ஹோ சி மின் நகருக்கு வெளியே இருக்கும் கூச்சி சுரங்கங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே காசு கொடுத்தால் ஏகே-47 சுட்டுப் பார்க்கலாம். பக்கத்திலேயே தோட்டாவில் செய்த சாவிக்கொத்து, லைட்டர் எல்லாம் நினைவுப் பொருளாகக் கிடைக்கும். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதற்காக இங்கே வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. விமான நிலைய எக்ஸ்ரே திரையில் அது தோட்டாவாகத்தான் தெரியும். நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் சுடும் இடத்துக்கு எடுத்துப்போன அதே பையைத் திரும்பும்போதும் பயன்படுத்தினால், விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் எல்லா ஜிப்பையும் திறந்து உதறிப் பாருங்கள். ஒரே ஒரு தோட்டா பையின் மூலையில் கிடந்தாலும் போலீஸ் விசாரணைவரை போகும்.

யாரும் சாகாவிட்டாலும் தூக்கு உண்டு

"கொலை செய்தால்தானே மரண தண்டனை?" என்று பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கி விஷயத்தில் அப்படியில்லை. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலோ, சுட முயன்றாலோ மரண தண்டனைதான். குண்டு யார்மீதும் படவில்லை என்பது விடுதலைக்குக் காரணமாகாது. அந்த நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது சுட்டவரின் பொறுப்பு. 2006-இல் செராங்கூன் அவென்யூ 4-இல் ஓர் இரவு விடுதி உரிமையாளர் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 'ஒற்றைக் கண் டிராகன்' என்று பத்திரிகைகள் எழுதிய அந்தக் குற்றவாளி 2009 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். ஓர் உயிர் போயிருந்தும் அவருக்குத் தண்டனை கொலைக் குற்றத்தின் கீழ் வரவில்லை. ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின் கீழ், சுட்டதற்காகவே வந்தது.

கூட இருந்தவரும் தப்ப முடியாது. கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஒருவர் சுட்டால், அவரிடம் துப்பாக்கி இருப்பது தெரிந்தே உடன் சென்றவருக்கும் மரண தண்டனை விதிக்க இடமிருக்கிறது. சுடாமல் வெறுமனே சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும், குறைந்தது 6 பிரம்படியும். இது தோட்டாவுக்கும் பொருந்தும். "இதைக் கொஞ்ச நாள் வைத்திரு" என்று யாராவது பொட்டலத்தை நீட்டினால், உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிங்கப்பூரில் துப்பாக்கியே கூடாது, விளையாட்டுக்கும் இடமில்லை என்று நினைப்பது. பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடும் மையம் இருக்கிறது. மன்றத்தில் சேர்ந்து, உரிமத்தோடு, கண்காணிப்பில் சுடலாம். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கியது துப்பாக்கி சுடுதலில்தான். பிள்ளைக்கு ஆசை இருந்தால் ஜெல் பிளாஸ்டர் வாங்கித் தருவதைவிட இந்த வழியில் அனுப்புவதுதான் சரி.

மேகசினைக் கழற்றிவிட்டால் காலியா?

உயிரைப் பறிக்கும் தவறு இது. துப்பாக்கி இருக்கும் நாடுகளில் வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் "காலி என்றுதான் நினைத்தேன்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வரும். மேகசின் என்பது துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி. அதில் இருப்பவை அடுத்தடுத்துச் சுடவேண்டிய தோட்டாக்கள். இப்போது சுடவேண்டிய தோட்டா ஏற்கெனவே மேலே, குழாயின் பின்முனையில் இருக்கும் சேம்பர் என்ற அறைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். மேகசினை உருவினாலும் அது அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி செய்த கைத்துப்பாக்கிகள் சில உண்டு. ஆனால் உலகெங்கும் போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் குளோக் அப்படிப்பட்டதல்ல, மேகசின் இல்லாமலும் சுடும்.

தேசிய சேவையில் சுடும் பயிற்சி முடிந்ததும் ரேஞ்சில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மேகசினைக் கழற்றியதும் யாரும் எழுந்துவிட முடியாது. காக்கிங் ஹேண்டிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சேம்பருக்குள் வெளிச்சம் விழும்படி ரைபிளைச் சாய்த்துக் கண்ணால் பார்க்க வேண்டும். அதிகாரி பக்கத்தில் குனிந்து தானும் பார்ப்பார். அவர் சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை. அதற்கப்புறம் புல்லில் சிதறிக் கிடக்கும் பித்தளைக் காலி உறைகளை எல்லாரும் பொறுக்குவார்கள், எண்ணிக்கை சரிபார்க்கப்படும். கடைசியில் தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லவேண்டும். பத்தொன்பது வயதில் இதெல்லாம் வெட்டி வேலையாகத் தோன்றும். அதில் ஒரு படியும் வெட்டியில்லை.

வெற்றுத் தோட்டா ஆபத்தில்லாதது என்பதும் அதே வகை நம்பிக்கைதான். அதன் முனையில் ஈயம் இருக்காதே தவிர உள்ளே மருந்து இருக்கும். வெளியே பீறிடும் வாயு கிட்டத்தில் ஆளைக் கொல்லப் போதும். 1984-இல் ஜான்-எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்திவிட்டார். பிழைக்கவில்லை.

திரையில் மட்டும் நடப்பவை

சுடப்பட்டவர் பத்தடி பறந்துபோய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது திரையில் மட்டும்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 மி.மீ. தோட்டாவின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 360 மீட்டர் அளவில். அதன் உந்தம் முழுவதும் 70 கிலோ மனிதர்மேல் இறங்கினாலும் அவர் நகரும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆளையே தூக்கி எறியும் விசை அதில் இருந்தால், நியூட்டன் விதிப்படி சுட்டவரும் பின்னால் பறக்க வேண்டும். உண்மையில் குண்டு பட்டவர் பல நேரம் நின்றபடியே இருப்பார், சில நொடி அவருக்கே தெரியாமலும் போகலாம்.

துப்பாக்கி முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரும் அப்படித்தான். சாதாரண வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமே கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்தைவிட அதிகம். ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால் காற்றில் தனியாக ஒரு வெடிப்பொலியும் எழும், அதை எந்தச் சைலன்சரும் மறைக்காது. பெட்ரோல் டேங்கில் சுட்டால் கார் வெடிக்கும் என்பதும் வெறும் கதை, சாதாரணத் தோட்டா ஓட்டைதான் போடும்.

வானத்தை நோக்கிச் சுட்டால் யாருக்கும் கேடில்லை என்ற எண்ணம்தான் இவற்றில் மோசமானது. மேலே போனது கீழே வந்துதான் ஆகவேண்டும். விழும் தோட்டாவின் வேகம் நொடிக்கு 60 முதல் 90 மீட்டர்வரை இருக்கும், மண்டை ஓட்டைத் துளைக்க அது போதும். சாய்வாகச் சுட்டால் வேகம் இன்னும் கூடுதலாகத் தங்கும். வட இந்தியக் கல்யாணங்களில் மகிழ்ச்சிக்காகச் சுடும் பழக்கத்தால் உயிர்கள் போனதை அடுத்து, 2019-இல் இந்தியா தன் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி இதற்கு 2 ஆண்டுவரை சிறை விதித்தது.

"காலில் சுட்டிருக்கலாமே?"

2022-இல் பெண்டமீர் சாலையில் கத்தியோடு வந்த ஒருவரைப் போலீஸ் சுட்டது. இப்படி ஒன்று நடக்கும் ஒவ்வொரு முறையும் காப்பிக்கடையிலும் ஃபேஸ்புக்கிலும் இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன், ஒரு மனித உயிரைப் பற்றிய கேள்வி அது. ஆனால் கால் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை தவறு. தொடையில் பெரிய தமனி ஓடுகிறது, அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே ரத்தம் வடிந்து உயிர் போய்விடும். ஓடிவரும் கால் மெல்லிய இலக்கு, நிலையாகவும் நிற்காது. தவறிய தோட்டா வீவக அடுக்குமாடியின் அடித்தளத்தில் சிமெண்ட் தரையில் பட்டுத் தெறித்தால் பின்னால் நிற்பவர் கதி என்ன? நேரமும் இருக்காது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டுயெல்லர் 1983-இல் எழுதியதை உலகப் போலீஸ் பயிற்சிகள் இன்றும் பேசுகின்றன. கத்தியோடு வருபவர் 21 அடி தூரத்தை சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. போலீஸ் சுட்டது சரியா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சுட வேண்டிய நிலை வந்ததா என்று கேட்கலாம், எங்கே சுட்டார் என்பதில் தொங்க வேண்டாம்.

ஒளிந்தால் மட்டும் போதாது

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மேசையைக் கவிழ்த்து அதன் பின்னால் உட்காருவது, கார்க் கதவைத் திறந்து மறைந்துகொள்வது இரண்டும் சினிமா வழக்கம். மேசை, சோபா, கதவு எல்லாம் உங்களைப் பார்வையிலிருந்து மறைக்கும், தோட்டாவைத் தடுக்காது. காரில் ஓரளவு தடுப்பது இன்ஜின் இருக்கும் பகுதிதான். கட்டடத்தில் கனமான கான்கிரீட் தூண் நம்பத்தக்கது, அலுவலக அறைகளைப் பிரிக்கும் ஜிப்சம் பலகை அப்படியில்லை. பயங்கரவாதத்தை எதிர்கொள்ள மக்களைத் தயார்ப்படுத்தும் அரசு இயக்கமான எஸ்ஜிசெக்யூர் சொல்லும் வரிசையில் முதலில் இருப்பது ஓடுவது. முடியாதபோதுதான் ஒளிவது, கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு. அப்புறம் 999-க்குத் தகவல், பேச முடியாத நிலை என்றால் 70999-க்கு எஸ்எம்எஸ். காயம்பட்டவருக்குக் குண்டை வெளியே எடுப்பது முதலுதவி அல்ல. ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கை கால் என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதுதான் முதலுதவி.

கடைசியாக, கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் தம்பிகளுக்கு. இரண்டாம் உலகப் போரின் மிச்சம் இந்த மண்ணில் இன்னும் கிடக்கிறது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் தோண்டும்போது கிடைத்த 100 கிலோ குண்டை அங்கேயே வெடிக்கவைத்து அழிக்க, சுற்றியிருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. துருப்பிடித்த பழைய தோட்டா செத்துப்போனது என்று நினைக்காதீர்கள், உள்ளே ஈரம் புகாத மருந்து பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். மண்வெட்டியால் தட்டிப் பார்க்கவோ, படம் எடுக்கக் கிட்டே போகவோ, பித்தளை என்று பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போகவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், 999-ஐ அழையுங்கள். வீட்டு ஸ்டோர் ரூமில் தாத்தாவின் பெட்டியிலோ பழைய தேசிய சேவைப் பையிலோ தோட்டா கிடைத்தாலும் இதேதான். குப்பைத் தொட்டியில் போடாமல், நீங்களே நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள்.