தலை வெடிக்கிற மாதிரி இருந்தா பெத்தகானவுக்குப் போங்க

கொழும்பு காலி வீதி ஹோர்ன் சத்தமும் வட்ஸ்அப் குரூப்புகளும் சேர்ந்து தலைக்குள்ள இரைஞ்சுகொண்டே இருக்குதா, அப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளன எழும்பி கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்க. 2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைப் பாதுகாக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சதே இப்பிடியான சதுப்பு நிலங்களாலதான், மழைவெள்ளத்தையும் இதுதான் உறிஞ்சி வச்சிருக்கு.

தண்ணிப் போத்தல், தொப்பி, நுளம்புக்குப் பூச மருந்து, காணும். போனை சைலன்ட்ல போட்டு பையின்ட அடியில வைங்க, படம் எடுக்கவும் வேண்டாம்.

பலகைப் பாதையில மெதுவா நடந்து, நிழலா ஒரு இடத்துல கதைக்காம இருங்க. முதல் பத்து நிமிசம் மனசு ஓபிசுக்குத்தான் ஓடும், ஓடட்டும், பிடிச்சு இழுக்காதீங்க. பிறகு நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவைக்கிறது, மீன்கொத்தி டபக்கெண்டு விழுறது எல்லாம் தானா கண்ணில படும், எனக்கு மூச்சு ஆறுதலாகிறதும் அப்பதான்.

தூரம் போக ஏலாட்டி வெள்ளவத்தை கடற்கரையும் நல்லம், ரயில் பாதையைக் கடக்கேக்க மட்டும் கவனம்.