கத்திக்கு வீட்டிலேயே மரப்பிடி அமைத்தல்

நன்கு உலர்ந்த, நெருக்கமான இழையுள்ள மரத்தையே தேர்ந்தெடுங்கள். ஈர மரம் பின்னர் சுருங்கி இரும்பிலிருந்து விலகும். முதலில் அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். இழை நீளவாக்கில் ஓடும்படி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு துண்டுகளை அறுத்து, கத்தியின் வால்பகுதியை (பிடிக்குள் அமையும் இரும்புப் பகுதி) அவற்றின் மேலே வைத்துத் துளைகளைக் குறித்து, ஆணியின் அளவுக்கே துளையிட வேண்டும். ஒட்டும் பரப்பு தட்டையாக இருப்பதில்தான் பிடியின் ஆயுள் இருக்கிறது: மரத்தையும் இரும்பையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மயிரிழை அளவு ஒளி கசிந்தாலும் மீண்டும் தேய்க்கத்தான் வேண்டும். மரத்துண்டுகளில் அலகை ஒட்டி வரும் முனையை மட்டும் முன்கூட்டியே மெருகேற்றிவிடுங்கள். பிறகு தேய்த்தால் அலகில் கீறல் விழும். எபாக்சி பசை பூசி, பித்தளை ஆணிகளைச் செருகி, கவ்வியால் இறுக்கி 24 மணி நேரம் விட்ட பின், அரத்தாலும் உப்புத்தாளாலும் கைக்கேற்ற வடிவம் கொடுத்து ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்த் துணியை விரித்தே காயவையுங்கள். சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும்.