கேட்க வேண்டியதை முதலிலேயே கேளுங்கள்

மலேசியாவில் சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குன் நிறுவனத்தில், இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் அதிகாரியிடமோ, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முதல் போட முன்வரும் ஒருவரிடமோ தொழில் திட்டத்தை விளக்கப் போகிறீர்களா? தாத்தா காலத்துக் கதையில் தொடங்காதீர்கள். எவ்வளவு பணம், எதற்கு, எப்போது திரும்பும் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"வியாபாரம் நன்றாகப் போகிறது" என்ற பேச்சு யாரையும் அசைக்காது. "ஒரு பாக்கெட் முறுக்குக்கு அடக்கம் 3 வெள்ளி (ரிங்கிட்), விற்பது 5 வெள்ளி, வாரம் 400 பாக்கெட்" என்று சொல்லிப் பாருங்கள். 800 வெள்ளி மிச்சம் என்று எதிரில் இருப்பவரே கணக்குப் போடுவார். தான் போட்ட கணக்கை மனிதர் எளிதில் சந்தேகிப்பதில்லை. முறுக்கையும் கையோடு கொண்டுபோங்கள்!

வாங்குபவரிடம் பேசும்போதும், விலையைச் சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். அந்த மௌனம் தாங்காமல் தாங்களாகவே விலையைக் குறைப்பவர்களைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.