மழலையர் வகுப்பைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வது எப்படி?

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஓரிடம் போதும். மூன்று இடங்களைச் சுற்றிக் காட்டினால், வீட்டுக்குப் போய்ப் பேருந்தைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள்.

1. முதலில் கேள்வி, பிறகு இடம். "ஒரே செடியில் எல்லா இலையும் ஒரே அளவா?" என்று கேட்கப்போகிறீர்கள் என்றால் நாற்றுப்பண்ணை போதும். போக அரை மணிக்கு மேல் ஆகும் இடம் வேண்டாம்.

2. ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். நிழல், குடிநீர், மூடாத தொட்டி, வண்டி நிற்குமிடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை உள்ளே தாழிட்டுக்கொண்டால் கழிப்பறைக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா? வாசல், கழிப்பறை, சாப்பிடுமிடம் ஆகியவற்றைப் படமெடுத்து வகுப்பில் காட்டுங்கள். புது இடத்தில் பிள்ளைகளின் கவனம் அந்த இடத்தைப் பழகுவதிலேயே போய்விடும், பாடம் ஏறாது. 1978இல் ஜான் ஃபாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

3. ஒப்புதல் படிவத்தில் ஒவ்வாமை, மருந்து, பயணத்தில் வாந்தி வருமா, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள். வாந்தி வரும் பிள்ளைக்கு முன்பக்க இருக்கை.

4. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், கையில் அந்த ஐவரின் பெயர்ப் பட்டியல். இதற்கு மேல் எந்தக் குழுவிலும் சேராத ஒருவர் கட்டாயம் தேவை. அவர் இல்லையென்றால், ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது மற்ற நால்வரைப் பார்க்க ஆளிருக்காது.

5. கைப்பட்டையில் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும். பிள்ளையின் பெயர் வெளியே தெரியக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைத் தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

6. எண்ணுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நடக்கும் வரிசையை எண்ணாதீர்கள். ஒரு பிள்ளை இடம் மாறினாலும் கணக்கு பிசகும். ஏறும் முன், உட்கார்ந்த பின், இறங்கியதும், கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு, திரும்பி ஏறியதும் என ஒவ்வொரு முறையும் நிற்கவைத்தோ உட்காரவைத்தோ எண்ணுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகே வண்டி கிளம்ப வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேறு குழுவின் பிள்ளை கலந்திருக்கலாம். ஆகவே கிளம்பும் முன் பெயர் சொல்லியும் கூப்பிடுங்கள்.

7. அங்கே முக்கால் மணி நேரம் போதும். விளக்கிக்கொண்டே போகாமல், உதிர்ந்த இலைகளை ஆளுக்கு மூன்று பொறுக்கி அளவுப்படி அடுக்கச் சொல்லுங்கள். களைத்துப்போகும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

மறுநாள் காலை அதே இலைகளைத் தரையில் பரப்பி, அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பதிலை வரைந்து காட்டட்டும்.